விலைக்கு வாங்கிய நாடு: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம்.

குட்டி நாடுகள் பற்றிய உங்கள் குறிப்பில், சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவே உள்ள லீக்டன்ஸ்டைனின் அரச குடும்பத்தை ‘காசு கொடுத்து நாடு வாங்கியவர்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நிஜமாகவே அப்படித்தானா? விலைக்கு வாங்கியவர்களை ஜனங்கள் எப்படி 300 வருஷமாக ஏற்றுக்கொண்டார்கள்?

வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஆமாம், காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆனால் அதை ஒரு வரியோடு விட்டது என் தவறு.

குடும்பத்தின் பெயர் வியன்னாவுக்குத் தெற்கே உள்ள லீக்டன்ஸ்டைன் கோட்டையிலிருந்து வந்தது. ஆஸ்திரியாவிலும் மொராவியாவிலும் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) ஏகப்பட்ட நிலபுலன், புனித ரோமப் பேரரசரிடம் செல்வாக்கு, எல்லாம் இருந்தது. ஆனால் பேரரசின் சபையில் சிற்றரசராக உட்கார, நேரே பேரரசருக்குக் கீழ் வரும் நிலம் வேண்டும். அது மட்டும் அவர்களிடம் இல்லை.

அந்தச் சமயத்தில் ரைன் ஆற்றங்கரையில் அப்படிப்பட்ட இரண்டு துண்டு நிலம் விலைக்கு வந்தது. வந்த கதை கொடுமையானது. அங்கே ஆண்ட ஹோஹெனெம்ஸ் பிரபுக்கள் கடனில் மூழ்கியிருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் சூனியம் வைத்ததாக வழக்குப் போட்டு ஆட்களைக் கொன்றார்கள். செத்தவர்களின் சொத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஜனங்கள் பேரரசர் வரைக்கும் போய் முறையிட்டார்கள். விசாரணை நடந்து, 1684ல் பிரபு ஃபெர்டினாண்ட் கார்லின் ஆட்சி பறிபோனது. அப்புறம்தான் விற்பனை. இதைப் பார்த்த ஊர் புது எஜமானரை வேண்டாம் என்று சொல்லாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

லீக்டன்ஸ்டைன் குடும்பத்தின் யோஹான் ஆடம் ஆண்ட்ரியாஸ் அந்த இரண்டில் ஷெல்லன்பெர்க்கை 1699ல் 1,15,000 கில்டருக்கும் (அந்தக் கால நாணயம்), வாடூஸை 1712ல் 2,90,000 கில்டருக்கும் வாங்கினார். ஷெல்லன்பெர்க் ஆண்கள் பெண்டெர்ன் தேவாலயக் குன்றில் கூடி விசுவாசப் பிரமாணம் எடுத்தபோது எதிரே நின்றது அவருடைய பிரதிநிதி. 1719ல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இரண்டையும் இணைத்துச் சிற்றரசாக்கி, குடும்பப் பெயரையே நாட்டுக்கு வைத்தார். அதற்குப் பிறகும், ஆட்சியில் இருக்கும் சிற்றரசர் ஒருவர் நேரில் வந்து பார்க்க 1842 ஆனது. குடியேற 1938.

அப்படிக் குடியேறிய இரண்டாம் ஃபிரான்ஸ் யோசெஃபின் காலத்தில்தான் உறவு உண்மையானது என்று நினைக்கிறேன். 1945ல் செக்கோஸ்லோவாக்கியா குடும்பத்தின் நிலங்களைப் பறிமுதல் செய்தது. பரப்பில் அவை நாட்டைவிடப் பல மடங்கு. சபையில் ஓர் இருக்கைக்காக வாங்கிய மண்தான் வீடாக மிஞ்சியது. பணமுடையில் ஓவியங்களை விற்றார்கள். லியனார்டோ டா வின்சி மரப்பலகையில் வரைந்த ஜினேவ்ரா என்ற பெண்ணின் உருவப்படம், அதாவது அந்த ஜினேவ்ரா, 1967ல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனாள், சுமார் 50 லட்சம் டாலருக்கு. அந்தப் பலகையின் பின்பக்கம் குடும்பத்தின் சிவப்பு அரக்கு முத்திரை இன்னும் இருக்கிறது.

அதே 1945 மே மாதம், ஜெர்மனி பக்கம் நின்று போரிட்ட சுமார் 500 ரஷ்யர்கள் எல்லை தாண்டி வந்து அடைக்கலம் கேட்டார்கள். சோவியத் தரப்பு அவர்களை ஒப்படைக்கச் சொன்னது. 1868லேயே ராணுவத்தைக் கலைத்துவிட்ட, 160 சதுர கிலோமீட்டர் நாடு அது. விருப்பமில்லாத ஒருவரையும் அனுப்ப மாட்டோம் என்று நின்றது. பெரிய நாடுகளே ஆயிரக்கணக்கில் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அந்த அரச குடும்பத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது இதைப் படித்தபோதுதான்.

2003ல் திருத்திய அரசியல் சட்டப்படி, முடியாட்சியே வேண்டாம் என்று வாக்களிக்கவும் மக்களுக்கு உரிமை உண்டு. 2012ல், பொதுவாக்கெடுப்பில் நிறைவேறிய சட்டங்களைச் சிற்றரசர் தடுக்கும் அதிகாரத்தை எடுத்துவிடலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பில் கேட்டார்கள். 76 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். நானாக இருந்தால் எடுத்துவிடச் சொல்லியிருப்பேன்.