பிக்கப் டயரும் டீசல் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

பிக்கப் வைத்திருப்பவர்கள் டயரையும் மைலேஜையும் பற்றிக் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில் தருகிறோம். கணக்குகளை விலையில் போடாமல் லிட்டரிலேயே போட்டிருக்கிறோம். நீங்கள் எரிபொருள் வாங்கும் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வண்டியோடு வந்த 265/65 ஆர்17 ஹைவே டயரைக் கழற்றிவிட்டு 285/70 ஆர்17 ஆல்-டெரெய்ன் (தாரிலும் கரடுமுரடான பாதையிலும் ஓடும் டயர்) போட்டேன். லிட்டருக்கு 12.5 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 11.2 தான் கொடுக்கிறது. பத்து சதவீதத்துக்கு மேல் டயரே தின்றுவிடுமா?

தின்னாது. அந்த இழப்பில் பாதிக்கு மேல் உங்கள் கிலோமீட்டர் மீட்டர் காட்டும் பொய்க்கணக்கு.

பழைய டயரின் அகலம் 265 மி.மீ. அதில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 172 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 17 அங்குல ரிம் 432 மி.மீ. மூன்றையும் கூட்டினால் மொத்த விட்டம் 776 மி.மீ. இதே கணக்கைப் புதிய டயருக்குப் போட்டால் 831 வரும். 7 சதவீதம் பெரியது. சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது வண்டி 7 சதவீதம் கூடுதலாகப் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது, பழைய டயர் என்றே எண்ணிக்கொண்டிருக்கும்.

50 லிட்டரில் மீட்டர் 560 கி.மீ. காட்டினால் உங்களுக்கு 11.2 வருகிறது. உண்மையில் ஓடியது 560 × 1.07, கிட்டத்தட்ட 599 கி.மீ. 50-ஆல் வகுத்தால் 12. ஆக நிஜமான இழப்பு 4 சதவீதம்தான். ஒரே அளவு என்றாலும் கம்பெனிக்குக் கம்பெனி விட்டம் கொஞ்சம் மாறும் என்பதால், கைபேசியின் ஜிபிஎஸ்ஸை வைத்து ஒரு 50 கி.மீ. ஓட்டி உங்கள் வண்டிக்கான பெருக்கெண்ணைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேகமானியும் இதே அளவுக்குக் குறைத்துக் காட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

மீதி 4 சதவீதம் டயருடையதுதான். ட்ரெட் (தரையைத் தொடும், பள்ளம் வெட்டிய பகுதி) ஆழமாகிவிட்டது, எடை கூடிவிட்டது, வண்டி 27 மி.மீ. உயர்ந்து காற்றில் கூடுதலாக மோதுகிறது. இதோடு கியர் விகிதமும் மாறிவிட்டது. பின் ஆக்ஸில் விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற டிரைவ் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கை, 4.10 என்றால் இப்போது 3.83 போலத்தான் இழுக்கும். சமதளத்தில் எஞ்சின் சுற்று குறைவதால் சற்று லாபமாகக்கூட இருக்கும். லோடோடு மேடு ஏறும்போது ஒரு கியர் இறக்கி ஓட்ட வேண்டி வரும், அங்கே அந்த லாபம் போய்விடும். பிரேக்கும் அதே அழுத்தத்துக்கு 6 முதல் 7 சதவீதம் குறைவாகத்தான் பிடிக்கும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

கேள்வி: ஒரே அளவில் ஹைவே டயர், ஆல்-டெரெய்ன், மட்-டெரெய்ன் (சேற்று டயர்) மூன்றும் கிடைக்கின்றன. அளவு ஒன்றாக இருக்கும்போது டீசல் செலவு எப்படி மாறும்?

டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது, தரையை விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கச் செலவான சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி சூடாக மாறிப் போய்விடுகிறது. ஓடி நின்ற டயரைத் தொட்டால் தெரியும் அந்தச் சூட்டில் பெரும்பங்கு நீங்கள் ஊற்றிய டீசல்தான். ட்ரெட் கட்டைகள் உயரமாகவும் இடைவெளி விட்டும் இருந்தால் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாக வளைந்து நெளியும். அதனால்தான் மட்-டெரெய்ன் அதிகம் குடிக்கிறது. ஆல்-டெரெய்ன் நடுவில் நிற்கிறது.

உருள் எதிர்ப்பு எனப்படும் இந்த இழப்பை டன் எடைக்கு இத்தனை கிலோ இழுவிசை என்று அளப்பார்கள். டன்னுக்கு 8 கிலோ என்றால், 2 டன் பிக்கப்பைச் சமதளத்தில் மெதுவாக உருட்ட 16 கிலோ இழுவை போதும். டன்னுக்கு 11 கிலோ ஆகும் டயரைப் போட்டால் 22 கிலோ வேண்டும். இந்த 6 கிலோ வித்தியாசம் 100 கி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய அரை லிட்டர் டீசல். ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓடும் வண்டிக்கு 100 லிட்டர். உருள் எதிர்ப்பு 10 சதவீதம் குறைந்தால் எரிபொருள் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும் என்ற பொதுக்கணக்கோடும் இது ஒத்துப்போகிறது.

ஐரோப்பிய லேபிள் ஒட்டிய டயர் கிடைத்தால் வேலை எளிது. 2021 மே முதல் அதில் எரிபொருள் தரம் 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து படிகள். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பிக்கப் டயர்கள் கார் வகுப்பிலும் வரும், இலகு லாரி வகுப்பிலும் வரும். லேபிளில் சி1, சி2 என்று போட்டிருக்கும். சி1 டயரில் 'சி' தரம் என்றால் டன்னுக்கு 7.8 முதல் 9.0 கிலோ. சி2 டயரில் அதே 'சி' தரம் 6.8 முதல் 8.0 கிலோ. எழுத்தை மட்டும் பார்த்து இரண்டையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். அதே லேபிளில் ஈரச்சாலைப் பிடிமானத்தின் தரமும் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். எரிபொருளில் ஒரு படி ஏறுவதற்காக ஈரப்பிடிமானத்தில் இரண்டு படி இறங்குவதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். ட்ரெட்டில் சிலிக்கா கலந்த டயர்களில் இரண்டும் சேர்ந்தே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மாதத்தில் இரண்டு நாள் சேற்றில் இறங்கி மற்ற நாளெல்லாம் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு மட்-டெரெய்ன் வேண்டாம். லேசான ஆல்-டெரெய்னே போதும்.

கேள்வி: காற்று எவ்வளவு வைப்பது? பக்கச்சுவரில் 80 பிஎஸ்ஐ என்று இருக்கிறது, கதவுத் தூணில் 35 என்று இருக்கிறது. எதை நம்ப?

பக்கச்சுவரில் இருப்பது உச்சவரம்பு. அந்த டயரின் முழு லோடைத் தாங்கத் தேவையான அழுத்தம் அது, தினம் வைக்க வேண்டியது அல்ல. வண்டியோடு வந்த அதே வகை டயர் என்றால் கதவுத் தூண் ஸ்டிக்கரைப் பின்பற்றுங்கள். அதில் வெறும் வண்டிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என இரண்டு எண்கள் இருந்தால் பின் டயருக்கு இரண்டும் வேறுபடும்.

80 பிஎஸ்ஐ போட்டிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது பத்து பிளை (அடுக்கு) தரமுள்ள எல்டி டயர், அதாவது இலகு லாரி வகை. இங்கேதான் தவறு நடக்கிறது. கார் வகை டயர் 35-ல் தாங்கும் எடையை அதே அளவு எல்டி டயர் 35-ல் தாங்காது, கூடுதல் காற்று வேண்டும். கார் வகை டயரோடு வந்த வண்டியில் எல்டி போட்டுவிட்டுப் பழைய ஸ்டிக்கரின்படி காற்று வைத்தால், பக்கச்சுவர் பிதுங்கிச் சூடேறி மைலேஜும் போகும், டயரும் போகும். டயர் கம்பெனியின் லோடு-அழுத்த அட்டவணையைப் பார்த்து உங்கள் ஆக்ஸில் எடைக்கு உரிய எண்ணை எடுங்கள். மாறாக, வெறும் வண்டியில் 80 வைத்தால் பின்பக்கம் துள்ளும், ட்ரெட் நடுவில் தேயும், ஈரத்தில் பிடிக்காது.

அட்டவணை எண்ணைச் சரிபார்க்கச் சாக்பீஸ் போதும். ட்ரெட்டின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடித்த கோடு போடுங்கள். சமமான தார்ச்சாலையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்து ஓரங்களில் கோடு நின்றால் அந்த எடைக்குக் காற்று அதிகம். ஓரங்கள் அழிந்து நடு நின்றால் குறைவு. முன்னும் பின்னும் தனித்தனியாகச் செய்யுங்கள், லோடு ஏற்றிய பிறகு ஒருமுறை செய்யுங்கள். அட்டவணை சொல்லும் குறைந்தபட்சத்துக்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள்.

காற்றை வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு பாருங்கள். ஓடிய டயரில் 4 முதல் 6 பிஎஸ்ஐ கூடியிருக்கும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கக் கூடாது. வெயில் தணிந்து 5, 6 டிகிரி குறைந்தால் 1 பிஎஸ்ஐ இறங்கும். நான்கு டயரிலும் 1 பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 10 பிஎஸ்ஐ குறைவாக ஓடினால் 2 சதவீதம்.

கேள்வி: மொட்டையான டயரை மாற்றி அதே கம்பெனி, அதே அளவு, அதே மாடல் போட்டேன். மைலேஜ் குறைந்துவிட்டது. போலி டயரா?

பெரும்பாலும் இல்லை. தேய்ந்த டயரில் நெளிய ரப்பரே மிச்சமில்லை. அதன் உருள் எதிர்ப்பு புதிதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். தேய்ந்ததில் விட்டமும் சுருங்கியிருக்கும். ட்ரெட் 6 மி.மீ. தேய்ந்தால் விட்டம் 12 மி.மீ. போகும். அதனால் மீட்டர் ஒன்றரை சதவீதம் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து உங்கள் பழைய எண்ணை உயர்த்தி வைத்திருந்தன. புதிய டயரைப் புதிய டயரோடுதான் ஒப்பிட வேண்டும். முதல் சில நூறு கி.மீ. கணக்கில் சேர்க்காமல், ஒரே பெட்ரோல் பங்கில், டீசல் ஊற்றும் நாஸில் தானாக நிற்கும் முதல் நொடியோடு நிறுத்தி, மூன்று முழு டேங்காவது பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நைலான் டயரிலிருந்து ரேடியலுக்கு மாறினால் லாபமா?

தார்ச்சாலை ஓட்டம் அதிகம் என்றால் லாபம். நைலான் டயரில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போவதால் பக்கச்சுவர் வளைந்தால் ட்ரெட்டும் சேர்ந்து நெளியும். ரேடியலில் எஃகு பெல்ட் ட்ரெட்டைத் தட்டையாகப் பிடித்துக்கொள்கிறது. சூடு குறைவு, தேய்மானமும் மெதுவாக நடக்கும். கூர்ங்கற்கள் பக்கச்சுவரைக் கிழிக்கும் குவாரி மாதிரியான இடங்களில் மட்டும் யோசியுங்கள். ஒரே ஆக்ஸிலில் ஒன்று நைலான், ஒன்று ரேடியல் கூடவே கூடாது. இரண்டு மட்டும் மாற்ற முடிகிறதென்றால் ரேடியலைப் பின்னால் போடுங்கள்.

கேள்வி: நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடுமா?

கூடாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். மெதுவாகக் கசியும் என்பது மட்டுமே லாபம். மாதம் ஒருமுறை காற்று பார்க்கிறவருக்கு அது தேவையில்லை.

கேள்வி: டயர் எடை கூடினால்தான் மைலேஜ் போகிறது என்கிறார் மெக்கானிக். சரியா?

ஓரளவுதான். சுழலும் எடையை வேகமெடுக்கச் செய்ய அதிகபட்சம் இரு மடங்கு சக்தி தேவை. டயருக்கு 6 கிலோ கூடினால் நான்குக்கும் 24, அது 48 கிலோ லோடு மாதிரி. 2 டன் வண்டியில் அது இரண்டரை சதவீதம்கூட இல்லை. நின்று நின்று போகும் ஓட்டத்தில் சற்றுத் தெரியும், நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் தெரியவே தெரியாது. உருள் எதிர்ப்புதான் பெரிய ஆள்.

கேள்வி: முன் டயர்கள் சீக்கிரம் தேய்கின்றன, வண்டி இழுவையாகவும் இருக்கிறது. டயரை மாற்றட்டுமா?

பொறுங்கள். உள்ளங்கையை ட்ரெட்டின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே தடவுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே. ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பப் பல் போலக் கையைக் கீறினால் டோ அளவு (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) தவறு. டயர் உருளும்போதே பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டு போகிறது, டீசலும் அங்கேதான் தேய்கிறது. அலைன்மென்ட் செய்வதற்கு முன் சக்கரத்தைத் திருப்பும் டை ராட் முனைகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டத்தோடு செய்த அலைன்மென்ட் நிற்காது. பிறகு, பிரேக் அதிகம் போடாமல் சில கி.மீ. ஓட்டி நிறுத்தி ஒவ்வொரு ரிம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள்.

கேள்வி: எரிபொருள் சேமிக்கும் டயருக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

நான்கு டயருக்கும் சேர்த்து எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். அதை ஒரு லிட்டர் விலையால் வகுங்கள். 120 லிட்டருக்குச் சமம் என்று வந்தால், 100 கி.மீ.க்கு 0.3 லிட்டர் மிச்சமாகும் டயர் 40,000 கி.மீ.யில் போட்டதை எடுத்துவிடும். டயர் 60,000 ஓடும் என்றால் வாங்கலாம், 35,000-ல் தேயும் என்றால் வேண்டாம். ஒரு நிபந்தனை: டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோடு இன்டெக்ஸ் எண் குறையவே கூடாது. பழைய டயரில் 112 என்றிருந்தால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 108 என்றால் 1,000 கிலோதான். மைலேஜுக்காக 108 போட்ட வண்டியில் வழக்கமான லோடை ஏற்றினால், பின் டயர் சூடேறி ஓடும்போதே வெடிக்கலாம்.