லினக்ஸ் விளையாட்டுப் பொதிகள்: அனுமதிகளும் நிறுவல் கேள்விகளும்

கேள்வி: எல்லாப் பயனர்களின் மதிப்பெண்களையும் என் விளையாட்டு ஒரே கோப்பில் சேமிக்கிறது. டெபியன் (ஒரு லினக்ஸ் வழங்கல்) பொதியில் அக்கோப்புக்கு 666 அனுமதி, அதாவது எவரும் படிக்கவும் எழுதவும் கூடிய அனுமதி, கொடுக்கலாமா?

பதில்: கூடாது. மதிப்பெண்ணைப் பிறர் திருத்துவது சிறிய தொல்லைதான். ஒருவர் வேண்டுமென்றே சிதைத்து வைத்த கோப்பை இன்னொருவரின் கணக்கில் ஓடும் விளையாட்டு படிக்க நேர்வதே உண்மையான ஆபத்து. டெபியன் கொள்கை ஆவணத்தின்படி, நிரலின் உரிமையாளர் ரூட்டாகவும் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகக் கணக்கு) குழு கேம்ஸாகவும் இருக்க, அதற்கு 2755 அனுமதி தரலாம்; இதில் உள்ள 2, யார் இயக்கினாலும் நிரலை அதன் குழுவின் அதிகாரத்தில் ஓடவைக்கும் சிறப்பு பிட். கோப்பு '/வார்/கேம்ஸ்' அடைவுக்குள் அக்குழு மட்டும் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். நிரலை அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடவைக்கும் செட்யுஐடி அறவே கூடாது. ஆனால், பலர் ஒரே கணினியைப் பகிராத இக்காலத்தில், மதிப்பெண்ணை அவரவர் இல்ல அடைவில் வைத்தாலே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: 2755 கொடுத்தும், நிறுவிய பின் 755 என்றே காட்டுகிறதே?

பதில்: பொதியைக் கட்டும்போது 'டிஹெச்_ஃபிக்ஸ்பெர்ம்ஸ்' என்னும் அனுமதி சீராக்கும் கட்டளை அந்தச் சிறப்பு பிட்டை நீக்கிவிடுகிறது. அந்தக் கட்டளை முடிந்த பிறகு உங்கள் அனுமதியை அமையுங்கள்.

கேள்வி: உரிம ஒப்புதலை, பொதியை நிறுவும்போது ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் நிரலில் 'ரீட்' கட்டளையால் கேட்கிறேன். தானியங்கி நிறுவலில் அது அப்படியே நின்றுவிடுகிறது.

பதில்: போஸ்ட்இன்ஸ்ட் போன்ற பராமரிப்பு நிரல்கள் ஓடும்போது எதிரே முனையம் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கேட்டே ஆகவேண்டுமானால், நிறுவல் கேள்விகளுக்கான டெபியனின் அமைப்பான டெப்கான்ஃப் வழியாகக் கேளுங்கள்: நிர்வாகி விடையை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம், கேள்வியின் முன்னுரிமையைப் பொறுத்து அது தோன்றாமலும் போகலாம், ஒருமுறை தந்த விடை அடுத்த மேம்படுத்தலிலும் நினைவில் இருக்கும். ஏற்கத்தக்க இயல்பு விடை இல்லாத முக்கியமான கேள்விக்கு, கேட்க ஆள் இல்லாதபோது நிறுவலைப் பிழையுடன் முடித்துக்கொள்வதைக் கொள்கை அனுமதிக்கிறது. காத்துக் கிடப்பதைவிட அது மேல். எனினும், நிறுவுபவரும் விளையாடுபவரும் வேறுவேறு ஆட்களாக இருக்கக்கூடும் என்பதால், சட்டம் இடம் கொடுத்தால், விளையாட்டு முதன்முதலில் திறக்கும்போது ஒப்புதல் கேட்பதே முறை.

கேள்வி: ஃபிளாட்பேக்கில் (செயலிகளைத் தனிமைப்படுத்தி ஓட்டும் பொதி முறை) கேம்பேட் இயங்க, எல்லாச் சாதனங்களுக்கும் அனுமதி கொடுக்கிறேன். சரியா?

பதில்: ஃபிளாட்பேக் 1.16 தொடரில் உள்ளீட்டுச் சாதனங்களுக்கென்றே தனி அனுமதி இருப்பதால், பழைய பதிப்புகளையும் ஆதரிக்க வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் அதையே கேளுங்கள். சேமிப்புக் கோப்புகளுக்காக இல்ல அடைவு முழுவதையும் கேட்பதும் தேவையற்றது. ஒவ்வொரு செயலிக்கும் எழுதத் தனி இடத்தை ஃபிளாட்பேக்கே தந்துவிடுகிறது.