ரேடியேஷன் முடிந்தபின் பெட் சிடி (PET-CT) ஸ்கேன் எடுக்க ஏன் 12 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுத்தபின் அந்த இடம் வீங்கித் தழும்பேறிக் கிடக்கும். சாதாரண சிடியில் தழும்பையும் திரும்பி வந்த கட்டியையும் பிரித்தறிவது கடினம். பெட் சிடியில் கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸை ஊசியில் செலுத்துவார்கள். புற்றணுக்கள் அதை அதிகமாக உறிஞ்சிப் படத்தில் ஒளிரும். சிக்கல் என்னவென்றால், ரேடியேஷனால் வந்த புண்ணும் ஒளிரும்! அது ஆறத்தான் இந்த 12 வாரம். அவசரப்பட்டால் வீண் பயமும் வீண் பயாப்சியும் (சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது)தான் மிச்சம்.

புற்றுநோய் கழுத்து நெறிக்கட்டி வரை பரவிய 564 பேரிடம் பிரிட்டனில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி ஸ்கேன் பார்த்துக் கண்காணித்த பிரிவில் நெறிக்கட்டியை அகற்றும் கழுத்து அறுவைச் சிகிச்சைகள் 54தான் நடந்தன. திட்டமிட்டு அறுவைக்கு அனுப்பிய பிரிவில் 221. உயிர்பிழைப்பில் குறைவில்லை. அப்புறம், நடுவில் புதிதாகக் கட்டியோ ரத்தக்கசிவோ வந்தால் வாரக் கணக்குப் பார்க்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.