லீஸ் 80 ஆண்டுக்குக் கீழே இறங்குவதற்குள் நோட்டீஸ் கொடுங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் உள்ள எங்கள் ஃபிளாட் என் பெயரிலும் கணவர் பெயரிலும் இருக்கிறது. லீஸ் 1982 ஜனவரி 1 முதல் 125 ஆண்டுகள். தரை வாடகை ஆண்டுக்கு 150 பவுண்டு, கடைசிவரை மாறாது. 8,000 பவுண்டு கொடுத்தால் லீஸை மறுபடி 125 ஆண்டாக்கித் தருகிறோம், பழைய காலம் முடியும்வரை தரை வாடகை தொடரும் என்று ஃபிரீஹோல்டரின் (கட்டடத்தின் நிரந்தர உரிமையாளரின்) ஏஜென்ட் எழுதியிருக்கிறார். புதிய சட்டம் வந்தால் செலவு குறையும், பொறுத்திருங்கள் என்கிறார்கள் நண்பர்கள். அடுத்த ஆண்டு விற்கும் எண்ணமும் உண்டு. கணவர் இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பொறுத்திருக்காதீர்கள். உங்கள் லீஸ் 2106 டிசம்பர் 31இல் முடிகிறது. அதாவது 2026 டிசம்பர் முடியும்போது மீதி சரியாக 80 ஆண்டு. 80 ஆண்டுக்கு மேல் மீதியிருக்கும்போதே சட்டப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டால் 'மேரேஜ் வேல்யூ' கணக்கில் சேராது. மேரேஜ் வேல்யூ என்பது லீஸ் நீள்வதால் பிறக்கும் கூடுதல் மதிப்பு; அதற்குப் பிறகு கொடுத்தால் அதில் பாதி ஃபிரீஹோல்டருக்குப் போகும்.

தொகையை ஒரு உத்தேசக் கணக்கில் பாருங்கள். நீண்ட லீஸுடன் உங்கள் ஃபிளாட்டின் விலை 3,50,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாட் திரும்பத் தன் கைக்கு வர ஃபிரீஹோல்டர் எண்பது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதன் இன்றைய மதிப்பை, 2006இல் லேண்ட்ஸ் ட்ரிப்யூனல் ஸ்போர்டெல்லி வழக்கில் ஃபிளாட்டுகளுக்கு நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 5 சதவீதம் கழித்துக் கணக்கிட்டால் சுமார் 6,900 பவுண்டு. அவர் இழக்கும் தரை வாடகைக்கு 6 சதவீதத்தில் சுமார் 2,500. நீட்டிப்புக்குப் பிறகும் அவருக்கு மிஞ்சும் சிறு மதிப்பைக் கழித்தால் மொத்தம் ஏறக்குறைய 9,300. இதே வேலையைச் சில மாதம் தள்ளி, 79 ஆண்டு 6 மாதம் மீதியிருக்கும்போது தொடங்கினால், அதற்குள் ஃபிளாட்டின் மதிப்பு நீண்ட லீஸ் விலையைவிட 6 சதவீதம் குறைவு என்று எடுத்துக்கொண்டாலே, மேரேஜ் வேல்யூவாக இன்னும் 5,700 பவுண்டு போல ஏறும்.

ஏஜென்ட் சொல்வது தனிப்பட்ட ஒப்பந்தம், அவ்வளவுதான். 1993ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் தருவது வேறு: இருக்கும் காலத்தோடு இன்னும் 90 ஆண்டு சேரும், தரை வாடகை அன்றிலிருந்தே இல்லாமல் போகும். 8,000 கொடுத்து 125 ஆண்டும், பல தலைமுறைக்கு ஆண்டுக்கு 150 பவுண்டும் என்பதைவிட, 9,300க்கு 170 ஆண்டும் வாடகையே இல்லாமலும் என்பது தெளிவாக மேல். வித்தியாசத்தை ஒன்பது ஆண்டு வாடகையே ஈடுகட்டிவிடும். இதைவிடப் பெரிய ஆபத்து, பேச்சுவார்த்தை நடக்கும்போது நாள் நிற்காது என்பது. 'ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை கட்டுப்படாது' என்ற வரியோடு கடிதம் வந்துகொண்டே இருக்கும், ஜனவரி பிறந்ததும் விலை மாறிவிடும். எந்த நாளை வைத்து விலை கணக்கிடுவது என்பதை நிலைநிறுத்துவது, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் செக்‌ஷன் 42 நோட்டீஸ் ஒன்றுதான். நோட்டீஸ் கொடுத்த பிறகும் தாராளமாகப் பேசலாம்.

புதிய சட்டத்தைப் பற்றி. 2024ஆம் ஆண்டுச் சட்டம் மேரேஜ் வேல்யூவை நீக்குகிறது, 990 ஆண்டு நீட்டிப்பும் தருகிறது. ஆனால் அந்தப் பிரிவுகள் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இரண்டு ஆண்டு உரிமையாளராக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் 2025 ஜனவரி 31இல் நீங்கியது. 65 ஆண்டு மீதியுள்ளவர் காத்திருப்பதில் ஒரு நியாயம் உண்டு. உங்களுக்கு இன்று மேரேஜ் வேல்யூவே இல்லை. 170க்கும் 990க்கும் விற்பனை விலையில் பெரிய வித்தியாசமும் இருக்காது.

முதலில் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் டைட்டிலையும் (உரிமைப் பதிவையும்) ஃபிரீஹோல்ட் டைட்டிலையும் எடுங்கள், பிரதி ஒன்று 7 பவுண்டு. உங்களுக்கும் ஃபிரீஹோல்டருக்கும் இடையில் வேறொருவரின் ஹெட் லீஸ் (மேல் குத்தகை) ஏதும் இருந்தால் நோட்டீஸ் யாருக்குப் போக வேண்டும் என்பதே மாறும். தவறான ஆளுக்குக் கொடுத்த நோட்டீஸ் செல்லாமல் போகலாம், அது டிசம்பருக்குப் பிறகு தெரிந்தால் பெரும் நஷ்டம். அடுத்து, லீஸ் நீட்டிப்பு மதிப்பீட்டில் பழக்கமுள்ள சர்வேயர். நோட்டீஸில் நீங்கள் எழுதும் தொகை குறைவாக இருக்கலாம், ஆனால் கேலிக்குரியதாக இருக்கக்கூடாது. யதார்த்தமற்ற தொகையால் நோட்டீஸே செல்லாது என்று 1998இல் கடோகன் எதிர் மோரிஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிலுக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அக்டோபருக்குள் அனுப்புங்கள், பிழையிருந்தால் திருத்தி மறுபடி அனுப்ப நாள் மிஞ்சும்.

நோட்டீஸ் போனதிலிருந்து ஃபிரீஹோல்டரின் நியாயமான சட்ட, மதிப்பீட்டுச் செலவும் உங்கள் தலையில்தான். நீங்கள் முன்மொழிந்த தொகையில் 10 சதவீதம் அல்லது 250 பவுண்டு, எது அதிகமோ அதை அவர் முன்பணமாகக் கேட்கலாம். விலையில் உடன்பாடு வராவிட்டால், எதிர் நோட்டீஸ் (அவருடைய பதில்) வந்த நாளிலிருந்து எண்ணி, இரண்டு மாதம் கழிந்த பிறகு, ஆறு மாதம் முடிவதற்குள் ஃபர்ஸ்ட்-டியர் ட்ரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். இந்த ஆறு மாதத்தைத் தவறவிட்டால் நோட்டீஸ் வாபஸ் ஆனதாகவே கருதப்படும், 12 மாதத்துக்கு மறுபடி கொடுக்க முடியாது, அதற்குள் 80 ஆண்டுக் கோட்டையும் தாண்டியிருப்பீர்கள். அவர் பதிலே தராவிட்டாலும் சும்மா இருக்காதீர்கள். கெடு முடிந்த ஆறு மாதத்துக்குள் கவுண்டி கோர்ட்டுக்குப் போனால், நோட்டீஸ் செல்லுபடியாகும் பட்சத்தில் நீங்கள் கேட்ட விலையே கிடைக்கும்.

விற்பதாக இருந்தால் நோட்டீஸின் பலனையும் ஃபிளாட்டோடு ஒரே நேரத்தில் வாங்குபவர் பெயருக்கு மாற்ற வேண்டும், பிந்தினால் அது செத்துவிடும். நோட்டீஸை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பதிவும் செய்யுங்கள், ஃபிரீஹோல்ட் கைமாறினாலும் புதியவரைக் கட்டுப்படுத்தும். கணவரைப் பொறுத்தவரை, நோட்டீஸ் இருவர் பெயரிலும்தான் போக வேண்டும், ஆனால் 2014 திருத்தத்துக்குப் பிறகு சொலிசிட்டரே உங்கள் சார்பில் கையெழுத்திடலாம். அதற்கான எழுத்துபூர்வ அனுமதியை இருவரிடமிருந்தும் இப்போதே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய லீஸில் மட்டும் அவர் சாட்சி முன்னிலையில் கையெழுத்திட வேண்டியிருக்கும், அதற்கு இன்னும் பல மாதம் இருக்கிறது.