குட்டை இட்லிப்பூ: கேள்விகளும் பதில்களும்

காட்பாடி வாசகி: தொட்டியில் வைத்த இட்லிப்பூவில் தளிரெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. எரு போட்டும் தேறவில்லை சார்.

பதில்: வினை எருவில் இல்லைம்மா, தண்ணீரில். நம் பக்கத்து போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் தொட்டி மண்ணிலும் சேர்கிறது. மண் காரத்தன்மை அடைந்துவிட்டால், இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மையுள்ள மண்தான் ஒத்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தளிரில் தெளியுங்கள். 10 நாள் கழித்து இன்னொரு முறை. பலன் அடுத்த தளிரில் தெரியும். டைல்ஸில் சிந்தினால் துருக்கறை லேசில் போகாது. மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

குடியாத்தம்: வாங்கும்போது கொத்துக் கொத்தாகப் பூ, இப்போது இலை மட்டும்.

பதில்: 5 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். பூ புதுக்கிளை நுனியில்தான் வரும். அதனால் வாடிய கொத்தை இரண்டு இலையோடு சேர்த்து நறுக்குங்கள். யூரியா போடுகிறவராக இருந்தால் நிறுத்துங்கள்.

ஆம்பூர்: இலைமேல் கரிப்படலம், எறும்பு வேறு.

பதில்: இலையடியில் மாவுப்பூச்சி இருக்கும். அது கழிக்கும் இனிப்பு நீரில்தான் கரும்பூஞ்சை வளர்கிறது, எறும்பு வருவதும் அதற்கே. லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து இலையடியில் தெளியுங்கள்.

சத்துவாச்சாரி: ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றலாமா?

பதில்: கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ராணிப்பேட்டை: நான் செம்பருத்திக்கு அதைத்தானே ஊற்றுகிறேன்? ஜோராக இருக்கிறதே!

பதில்: தரையிலா, தொட்டியிலா? தரை என்றால் மழை உப்பைக் கீழே இறக்கிவிடும்.

ராணிப்பேட்டை: தொட்டிதான். பாதிக்குமேல் மழைநீர் கலப்பேன்.

பதில்: அதை முதலிலேயே சொல்லக்கூடாதா! உங்கள் செடி பிழைப்பது மழைநீரால். இட்லிப்பூவிடம் இந்தப் பரீட்சை வேண்டாம்.

சத்துவாச்சாரி: அப்போ தென்னைக்கு?

பதில்: தென்னை ஓரளவு உப்பு தாங்கும். ஊற்றுங்கள்.

போளூர்: முட்டை ஓடு போடலாமா?

பதில்: அதுவும் சுண்ணாம்புதானே ஐயா. அடுப்புச் சாம்பலும் வேண்டாம்.

வாணியம்பாடி: எனக்கும் தளிர் மஞ்சள்...

பதில்: காட்பாடி அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஆற்காடு: தளிர் வெளுக்கிறது. போர் தண்ணீர்தான்.

பதில்: காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். காட்பாடி அம்மாவுக்கான பதில்தான் உங்களுக்கும்.

திருப்பத்தூர்: அக்னி நட்சத்திரத்தில் நடலாமா?

பதில்: வேண்டாம். மழை பிடிக்கட்டும்.