மெஷினுக்கு ஸ்க்ரூ எங்கே இருக்கிறது?

அன்புள்ள அண்ணா,

பெருந்துறையில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள். காலையில் பில்டர் வைத்துக் காத்திருக்கப் பொறுமை இல்லை. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் பில்டரும் இப்போதெல்லாம் அடைத்துக்கொள்கிறது. 20,000 ரூபாய்க்குள் ஒரு காப்பி மெஷின் வாங்கலாம் என்று இருக்கிறோம். அவருக்கு அழுத்தத்தில் திக்காக இறக்கும் எஸ்பிரெசோ மெஷின் மேல் ஆசை. எனக்கோ குப்பை சேரக் கூடாது, கரண்டு அதிகம் இழுக்கக் கூடாது. ஒரு கப்புக்கான தூளை அடைத்த குட்டி அலுமினிய டப்பா போடும் கேப்சூல் மெஷின், பேப்பர் பில்டர் போடும் டிரிப் மெஷின், எஸ்பிரெசோ, இந்த மூன்றில் பூமிக்குக் கெடுதல் குறைந்தது எதுங்கண்ணா? கேப்சூலை மறுசுழற்சி செய்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்கிறார்.

ஒரு வாசகி, பெருந்துறை

*

அன்புள்ள அம்மிணி,

கேப்சூலை முதலில் முடித்துவிடுகிறேன். அலுமினியத்தை உருக்கித் திரும்ப எடுக்கலாம், உண்மைதான். தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் சுமார் 5 சதவீதம் போதும். ஆனால் ஈரத்தூள் அப்பிய அந்தக் குட்டி டப்பாவை உங்கள் தெருவில் யார் எடுப்பார்கள்? பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுக் காட்டிப் பாருங்கள். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகர அரசு 2016இலேயே தன் அலுவலகங்களுக்குக் கேப்சூல் வாங்குவதை நிறுத்திவிட்டது. நமக்கும் வேண்டாம்.

கரண்டுக் கவலையை விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். டிரிப் மெஷினில் காப்பியைச் சூடாகவே வைத்திருக்கும் தட்டுதான் சத்தமில்லாமல் இழுக்கும். பிளாஸ்க்கில் ஊற்றிவிட்டால் தீர்ந்தது. அப்புறம், பால்காப்பி குடிக்கிறவர்கள் பூமியைப் பற்றிப் பேசினால் மெஷினுக்கு முன்னால் மாட்டைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு டம்ளர் பால்காப்பியின் கார்பன் கணக்கில் பெரும்பங்கு பாலுடையது. நான் எருமைப்பால் காப்பிக்காரன், அதனால் இந்தப் பேச்சை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. மூன்று மெஷினைப் பற்றிக் கேட்டீர்கள், கெட்டுப்போனால் யார் பிரித்துப் பார்ப்பார்கள் என்று கேட்கவில்லை. கொங்கு நாட்டில் பிறந்துவிட்டு இதைக் கேட்காமல் எப்படி அம்மிணி கடைக்குப் போகிறீர்கள்?

என் மாமா கோயம்புத்தூர் கணபதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவு முழுக்க நான் அங்கேதான் கிடப்பேன். கிணற்று மோட்டார் புகைந்துபோய் வண்டியில் வந்து இறங்கும். கருகின கம்பியை வெட்டி உருவி, செம்பை எடைபோட்டு, அந்தக் காசைக் கூலியில் கழித்துக்கொள்வார். புதுக் கம்பி சுற்றி வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தால் கடையெல்லாம் ஒரு நெடி நிற்கும். எனக்கு இன்றைக்கும் மல்லிகையைவிட அது பிடிக்கும். பேரிங் போனால் பேரிங் மாற்றுவார். புஷ் தேய்ந்திருந்தால் எதிர் லேத்தில் கடைந்து வாங்கிப் போடுவார். அப்பன் வாங்கிய மோட்டாரை மகன் தூக்கிக்கொண்டு வருவதையெல்லாம் பார்த்திருக்கிறேன். 1955இல் இதே கோயம்புத்தூரில்தான் வெட் கிரைண்டரைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் அப்படித்தான். பெல்ட் அறுந்தால் பெல்ட், கல் மழுங்கினால் கொத்து. தூக்கிப் போடும் பேச்சே கிடையாது.

இப்போது அந்தக் கடையில் மாமா மகன் உட்கார்ந்திருக்கிறான். என் வீட்டு டிரிப் மெஷின் சூடாகாமல் போனபோது கம்பெனி சர்வீஸில் கேட்டேன். "அடிப்பாகம் முழுசா மாத்தணும் சார்" என்று புது மெஷின் விலையில் பாதியைச் சொன்னார்கள். நேராக அவனிடம் கொண்டுபோனேன். கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூவைத் தேடினோம். இருந்த ஒன்றிரண்டின் தலையும் கடையில் இருந்த எந்த ஸ்க்ரூடிரைவருக்கும் பொருந்தவில்லை. மற்றதெல்லாம் பிளாஸ்டிக் கொக்கி, நெம்பினால் ஒடிகிற வகை. ஒடித்துத்தான் திறந்தான். ஹீட்டர் நன்றாக இருந்தது. போயிருந்தது தெர்மல் ப்யூஸ், சூடு மீறினால் கரண்டை அறுத்துவிடும் சில்லறைக் காசுச் சாமான். மாற்றியதும் மெஷின் சூடேறிவிட்டது, மூடத்தான் முடியவில்லை. "இத செஞ்சவன் மறுபடி திறக்கக் கூடாதுன்னே செஞ்சிருக்கான் மாப்பிளே" என்றான். அந்த மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் பச்சை இலைப் படம் போட்டிருந்தது.

ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் திறந்தது. மின்கழிவு விதிகள் புதிதாக 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. தயாரிப்பாளரே மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்கின்றன. நல்லது, ஆனால் அது குப்பையான பிறகு வரும் பொறுப்பு. குப்பையாகாமல் இருக்க ஸ்க்ரூ வேண்டும், தனியாகக் கிடைக்கும் உதிரிப்பாகம் வேண்டும். கடைக்குப் போனால் மெஷினைக் கவிழ்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கசியாமல் இருக்கப் போடும் ரப்பர் வளையம், காஸ்கெட், தனியாக விற்கிறீர்களா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். எஸ்பிரெசோ மெஷின் என்றால் இன்னொன்றும் உண்டு. வீட்டில் போர் தண்ணீர்தானே? அதை ஊற்றினால் உள்குழாயில் உப்புக் கட்டிக்கொள்ளும். அவ்வப்போது சிட்ரிக் ஆசிட் விட்டுக் கழுவ வேண்டும். பில்டருக்கே பொறுமை இல்லாதவர் அதைச் செய்வீர்களா?

சரி, உங்கள் பில்டருக்கு வருவோம். மேல் பாத்திரத்தின் ஓட்டைத் தட்டை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டுங்கள். அடைத்த தூள் எரிந்து உதிர்ந்துவிடும். சிக்கரி அதிகமானாலும் டிகாஷன் இறங்காது. பொட்டலத்தில் சதவீதம் போட்டிருக்கும், 49 வரைக்கும் சட்டமே விடுகிறது, குறைவாகப் பார்த்து வாங்குங்கள். தூளை ரொம்ப நைசாக அரைக்க விடாதீர்கள். ராத்திரி படுக்கும் முன் வெந்நீர் ஊற்றிவிட்டால் விடியும்போது டிகாஷன் தயார். இதில் காத்திருக்க என்ன இருக்கிறது கண்ணு?

வீட்டுக்காரர் திக்காகத்தான் வேண்டும் என்று நின்றால் மோக்கா பாத்திரம் வாங்கிக் கொடுங்கள். 1933இல் இத்தாலியில் வந்தது, அடுப்பில் வைத்துப் போடுவது. அசல் எஸ்பிரெசோ அழுத்தம் அதில் வராது, அவர் கண்டுபிடித்தால் பார்த்துக்கொள்ளலாம். அதில் தேய்வது ஒரு ரப்பர் வளையம், கையால் கழற்றி மாட்டலாம். அலுமினியத்தில் வருவது இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது, எவர்சில்வரில் கேளுங்கள். வளையம் இரண்டு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.