தலைமையாசிரியர் பொறுப்பு: கேள்வி பதில்

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் புதிதாகத் தலைமையாசிரியர் ஆனவர்களும் ஆகப்போகிறவர்களும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி (பட்டதாரி ஆசிரியை, கிருஷ்ணகிரி மாவட்டம்): பதவி உயர்வில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் போகிறேன். இப்போது இருப்பவர் மூத்தவர், பழகியவர். "எல்லாம் சரியா இருக்கும்மா, கையெழுத்து மட்டும் போடு" என்கிறார். பொறுப்பேற்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: வாழ்த்துகள் டீச்சர். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எண்ணிப் பார்க்காமல் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை தணிக்கையில் ஒரு பொருள் குறைந்தால், அது இருந்ததாகக் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்பார்கள்.

முதலில் பணம். ரொக்கப் பதிவேட்டு இருப்பையும் வங்கிப் புத்தக இருப்பையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகாமல் இருக்கும், அல்லது வங்கி போட்ட வட்டியைப் பதிவேட்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். எது என்று அன்றைக்கே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காசோலைப் புத்தகத்தில் மிச்சமுள்ள தாள்களின் எண்களும் பட்டியலில் வர வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கில் உங்கள் கையெழுத்து ஏற, குழுவின் தீர்மான நகலை வங்கி கேட்கும். அதுவரை பணம் எடுக்க முடியாது. அதனால் முதல் வாரத்திலேயே குழுவைக் கூட்டுங்கள்.

அடுத்து தளவாடங்கள். மடிக்கணினி, புரொஜெக்டர் போன்றவற்றை எண்ணிக்கையோடு விடாமல், பொருளின் மேல் உள்ள வரிசை எண்ணையும் பதிவேட்டையும் ஒத்துப் பாருங்கள். பழுதான பொருள் என்றால் "பழுது" என்றும், காணாத பொருள் என்றால் "இல்லை" என்றும் பட்டியலிலேயே எழுதுங்கள். பிறகு தனியாகக் கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அது எழுதப்படாது.

பலர் கவனிக்காமல் விடுவது, பிள்ளைகள் சேர்ந்ததையும் விலகியதையும் எழுதும் சேர்க்கை நீக்கப் பதிவேட்டை. நாற்பது வருடத்துக்கு முன் படித்தவர்கூட பாஸ்போர்ட்டுக்காகப் பிறந்த தேதிச் சான்று கேட்டு வருவார். கிழிந்த பக்கம், சான்றொப்பம் இல்லாத தேதித் திருத்தம் இருந்தால் பக்க எண்ணோடு குறித்து வாங்குங்கள். நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகளை (தணிக்கையாளர் எழுப்பிய ஆட்சேபணைகளை) வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் கேளுங்கள். இதற்கெல்லாம் ஒரு நாள் போதாது என்றால் இரண்டு நாள் எடுங்கள். மூத்தவர் மனம் நோகும் என்று தோன்றினால், "சார், நீங்களும் கூட இருந்து எனக்குச் சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள். மறுக்க மாட்டார்.

கேள்வி (தலைமையாசிரியர், கடலூர் மாவட்டம்): எமிஸ் (கல்வித் துறையின் இணையத் தகவல் தளம்) பதிவேற்றம், வாட்ஸ்அப்பில் வரும் அவசரப் புள்ளிவிவரம், கூட்டங்கள் என்று நாள் முழுக்க அலுவலகத்திலேயே போய்விடுகிறது. வகுப்பறைப் பக்கம் போகவே முடியவில்லை.

பதில்: காலை நேரத்தைக் கணினிக்குக் கொடுக்காதீர்கள் சார். முதல் மணிக்கு முன்பே வாசலில் நில்லுங்கள். எந்தக் குழந்தை அழுதுகொண்டு வருகிறது, எந்த ஆசிரியர் தினமும் தாமதம், யாரைக் குடிபோதையில் அப்பா கொண்டுவந்து விடுகிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். அங்கிருந்து கழிப்பறைக்கும், காலை உணவு, சத்துணவு நடக்கும் சமையலறைக்கும் ஒரு நடை. வருகைப்பதிவு முடிந்ததும் இரண்டு வகுப்புகளில் கடைசி வரிசையில் இருபது நிமிடம் உட்காருங்கள். அங்கே ஆசிரியரைப் பார்ப்பதைவிடக் குழந்தைகளின் நோட்டைப் பாருங்கள். கரும்பலகையில் இருப்பதை அச்சாகப் பார்த்து எழுதிய நோட்டில் தப்பே இருக்காது. அந்த வகுப்பில் யாரும் தானாக எழுதவில்லை என்று அதற்கு அர்த்தம். மூன்று பேரை ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். ஆசிரியரிடம் அன்று மாலையே தனியாகப் பேசுங்கள். திருத்த வேண்டியதில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஐந்து சொன்னால் ஒன்றும் நடக்காது.

புள்ளிவிவரங்களுக்கு ஒரே ஒரு நோட்டு வையுங்கள்: வகுப்புவாரி, பாலினவாரி, இனவாரி எண்ணிக்கை, மாற்றுத்திறன் குழந்தைகள், அறைகள், கழிப்பறைகள். மாதத்தின் முதல் நாள் அதைப் புதுப்பித்தால், எந்தப் படிவம் வந்தாலும் பத்து நிமிட வேலை. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர மற்றக் கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக்கூடாது என்கிறது. வெளியிலிருந்து யாராவது ஆசிரியரைக் கேட்டால் மரியாதையாக இதைச் சுட்டிக்காட்டுங்கள்.

கேள்வி (அரசு உதவிபெறும் பள்ளித் தலைமையாசிரியர்): ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஓர் ஆசிரியர் தவறாகத் தொட்டதாக வகுப்பாசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் நாமே விசாரிப்போம், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்கிறார் தாளாளர். என்ன செய்வது?

பதில்: ஐயா, இதில் உங்களுக்குத் தேர்வே இல்லை. இன்றைக்கே புகார் செய்யுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19-வது பிரிவின்படி, குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரிந்த எவரும் சிறார் சிறப்புக் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சொல்லியே ஆக வேண்டும். நடந்ததா இல்லையா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தைச் சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. தாளாளர் தடுத்தார் என்பது அங்கே எடுபடாது. அவரும் இதைப் படிக்கட்டும்.

பள்ளிகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்: நல்லெண்ணத்தோடு குழந்தையைத் தலைமையாசிரியர் ஒருமுறை கேட்பார், தாளாளர் ஒருமுறை, ஆசிரியர் குழு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் குழந்தை அதே வேதனையை மறுபடி அனுபவிக்கிறாள். சொற்கள் மாற மாற, பிறகு நீதிமன்றத்தில் அவளைப் பொய் சொல்கிறாள் என்பார்கள். அந்த ஆசிரியரை எதிரில் நிறுத்திக் கேட்பது அதைவிடக் கொடுமை. எனவே, அவள் முதலில் யாரிடம் சொன்னாளோ அந்த ஆசிரியை, அவள் சொன்ன சொற்களிலேயே, நாள், நேரத்தோடு எழுதிக் கையெழுத்திடட்டும். அதற்கு மேல் யாரும் கேட்க வேண்டாம். பெற்றோரை நேரில் அழைத்துச் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் பேசுங்கள். மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் அறிக்கை போகட்டும். அந்த ஆசிரியர் அவளோ வேறு பிள்ளைகளோ இருக்கும் வகுப்புக்கு அன்றிலிருந்து போகக்கூடாது.

வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை பெண் காவல் அலுவலர், சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். சீருடையோடு பள்ளிக்கு வந்தால் இதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம். அவள் பெயர் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வரக்கூடாது. அவள் மறுபடி பள்ளிக்கு வரும் நாளில் அவளை யாரும் வெறித்துப் பார்க்காத வகுப்பறை இருக்கிறதா என்பதையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி (தலைமையாசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்): பொங்கலுக்குப் பிறகு பத்துப் பதினைந்து பிள்ளைகள் காணாமல் போகிறார்கள். செங்கல் சூளை, கரும்பு வெட்டு என்று குடும்பமே கிளம்பிவிடுகிறது.

பதில்: போன பிறகு தேடுவதைவிடப் போகும் முன் தெரிந்துகொள்வது எளிது. யார் வீட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். மேலாண்மைக் குழுவில் உள்ள அம்மாக்கள் சொல்லிவிடுவார்கள். மார்கழியிலேயே பட்டியல் எடுங்கள். தாத்தா பாட்டி வீட்டில் விட்டுப்போக முடியுமா, அருகில் விடுதி இருக்கிறதா என்று பேசுங்கள். முடியாவிட்டால், போகும் ஊரைக் கேட்டு எழுதி, அங்குள்ள பள்ளியோடு போனில் பேசுங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. இதைப் பெற்றோரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு, மூன்று நாள் வராவிட்டால் போன், ஒரு வாரம் என்றால் வீட்டுக்கே போவது என்று வையுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் ஒரு பெண் பிள்ளை திடீரென நின்றால் ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். கல்யாணப் பேச்சு நடக்கலாம். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் 1098-க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 140 பேர். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் எவ்வளவு வரும்? எதற்குச் செலவழிப்பது?

பதில்: 101 முதல் 250 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்பது சமக்ர சிக்ஷா (ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம்) விதிமுறை. அதில் குறைந்தது 10 சதவீதம், உங்களுக்கு 5,000 ரூபாய், தூய்மைக்கே போக வேண்டும். பணம் தாமதமாக வந்து மார்ச்சில் அவசரமாகச் செலவாவதுதான் வழக்கமான கோளாறு. கையில் கிடைத்த கடையில் சார்ட்டும் பெயிண்டும் வாங்கிக் கணக்கை முடிப்பார்கள், கழிப்பறைக் கதவு அப்படியே தொங்கும். ஜூனிலேயே தேவைகளை வரிசைப்படுத்தித் தீர்மானம் போடுங்கள். கழிப்பறையில் தண்ணீர், உள்தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைத்தொட்டி, இவை முதலில். தாழ்ப்பாள் இல்லாததால் காலை முதல் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. குடிநீர்த் தொட்டியைக் கழுவிய பின் ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள்.

கேள்வி (பெற்றோர்): அடிக்காமல் பிள்ளைகள் எப்படிப் படிப்பார்கள்? நானே அடிக்கச் சொல்கிறேனே!

பதில்: நீங்கள் அனுமதித்தாலும் முடியாது அம்மா. உடல் தண்டனையையும் மனதைப் புண்படுத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. பிள்ளை எங்கே தடுமாறுகிறான் என்று வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைதான் பெரும்பாலும் சேட்டை செய்கிறான்.

கேள்வி (தலைமையாசிரியர், தூத்துக்குடி மாவட்டம்): மழைக்காலம் வருகிறது. பழைய கட்டடம். இடிக்க உத்தரவு வரவில்லை. என் பொறுப்பு எதுவரை?

பதில்: இடிக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை, பூட்டும் அதிகாரம் உண்டு. 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வகுப்பறையை மட்டும் பார்த்துவிட்டுக் கழிப்பறைத் தடுப்புச் சுவரையும் சுற்றுச்சுவரையும் விட்டுவிடக்கூடாது. செப்டம்பரிலேயே ஒரு சுற்று வாருங்கள்: சாய்ந்த சுவர், கம்பி தெரியும் கூரை, ஈரமான சுவரில் சுவிட்ச், கழிவுநீர்த் தொட்டி மூடி, மூடாத கிணறு. ஆபத்தான இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினால் போதாது, பிள்ளைகள் அடியில் நுழைந்துவிடுவார்கள். இடுப்பு உயர வேலி போட்டுப் பூட்டுங்கள். படம் எடுத்து, தேதியோடு, வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒன்றியப் பொறியாளருக்கும் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் பதினைந்து நாளில் நினைவூட்டுங்கள்.

நெருப்பையும் மறக்கக்கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்தது, சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குப் பரவியதால். சமையலறை வகுப்பறையிலிருந்து தள்ளி இருக்கட்டும். தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பள்ளி நேரத்தில் படிக்கட்டுக் கதவுக்கும் பின்வாசலுக்கும் பூட்டு போடவே வேண்டாம். ஆள் நுழைவார்கள் என்ற பயம் இருந்தால் உள்ளிருந்து திறக்கும் தாழ்ப்பாள் வையுங்கள். அதை ஒன்றாம் வகுப்புக் குழந்தையால் திறக்க முடிகிறதா என்று திறக்கச் சொல்லிப் பாருங்கள்.